மக்கும் ஆயில்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ருட்டிப் பக்கம் மரம் அறுக்கும் மெஷின் ரிப்பேர் பார்க்கிற சின்னப் பட்டறை என்னுடையது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோதுதான் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் செயின்சா வந்தது. சில வருடங்களாகத் தவிட்டெண்ணெயில் செய்த, மண்ணில் மக்கும் செயின் ஆயிலும் (ஓடும் செயின் தேயாமல் இருக்க ஊற்றுவது) விற்கிறேன். கேன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். தினம் பத்து தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகள் அவரவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"விவசாயக் கழிவுல இருந்து ஆயில்னு போட்டிருக்கே, வைக்கோல்ல ஏதுண்ணா எண்ணெய்?"

வைக்கோலில் எண்ணெய் கிடையாது. எண்ணெய் வருவது தவிடு, முந்திரி ஓடு, ரப்பர் விதை, மாங்கொட்டைப் பருப்பு மாதிரியான மிச்சங்களிலிருந்து. தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் இருக்கும். ஆனால் நெல்லை அரைத்த கையோடு தவிட்டில் இருக்கிற லைபேஸ் என்கிற நொதி அந்த எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். சூடு காட்டிப் பதப்படுத்தாமல் மூட்டையில் சில நாள் கிடந்தாலே அமிலம் ஏறி, சமையல் எண்ணெயாக மாற்றுவது கட்டுப்படியாகாமல் போகும். அப்படிப் பிந்திப்போன தவிட்டின் எண்ணெய்தான் சோப்புக்குப் போகிறது, கொஞ்சம் இந்த வேலைக்கும் வருகிறது.

வைக்கோலுக்கும் கரும்புச் சக்கைக்கும் வேறொரு பங்கு உண்டு. அவற்றில் இருக்கிற செல்லுலோஸையும் லிக்னினையும் ஆமணக்கு எண்ணெயில் கலந்தால் எண்ணெய் கிரீஸ் மாதிரி கெட்டிப்படும். ஸ்பெயினில் உவெல்வா பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

"அப்ப இது வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சதா?"

மாட்டு வண்டி ஓட்டிய வீட்டில் பிறந்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை ஒரு சாண் வெளியே இழுத்து, கொட்டாங்குச்சியில் இருக்கிற மையைக் குச்சியால் அச்சில் தடவுவார் என் தாத்தா. வேட்டியில் பட்டால் கறை போகாது, பாட்டி திட்டுவாள். கழிவும் தாவர எண்ணெயும் சேர்ந்த கிரீஸ்தான் அது. காஸ்ட்ரால் என்கிற பெயரே 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து, அதாவது ஆமணக்கிலிருந்து வந்ததுதான்.

"மக்கும்னா எத்தனை நாள்ல மக்கும்?"

இதற்கு ஓஇசிடி என்கிற பன்னாட்டு அமைப்பு வகுத்த 301 என்று ஒரு சோதனை வரிசை இருக்கிறது. அதில் ஒரு முறையில், கழிவுநீரில் இருக்கிற நுண்ணுயிர்களோடு எண்ணெயை விட்டு, எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்று 28 நாள் அளப்பார்கள். வர வேண்டியதில் நூற்றுக்கு 60 பங்கு வந்துவிட்டால், அதுவும் மக்கத் தொடங்கி 10 நாளுக்குள் அந்த அளவைத் தொட்டுவிட்டால், 'எளிதில் மக்கும்' என்று சொல்லலாம். தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் தாண்டிவிடும். சாதாரண கனிம எண்ணெய், அதாவது பெட்ரோலிய ஆயில், தாண்டாது.

ஆனால் அது சோதனைச்சாலைக் கணக்கு. ஈரம், காற்று, இளஞ்சூடு மூன்றும் அங்கே இருக்கும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்த செம்மண்ணிலோ, காற்றே போகாத குளத்துச் சேற்றிலோ அதே எண்ணெய் மாதக்கணக்கில் கிடக்கும்.

"செடியில இருந்து வந்ததுதானே, விஷமா இருக்காதுல்ல?"

நம் ஊரிலிருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டுதானே உட்காருகிறார்கள்? ஓட்டிலிருந்து கசியும் பாலில் இருக்கிற அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொத்துப்போக வைக்கும். அதுவும் முழுக்க முழுக்கத் தாவரம்தான். புங்கை மரத்தின் விதையையும் பட்டையையும் அந்தக் காலத்தில் மீனை மயக்கிப் பிடிக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். வேப்பெண்ணெயைப் பூச்சிக்கு அடிப்பதே அது பூச்சிக்கு ஆகாது என்பதால்தான். ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆனால் அது பிண்ணாக்கோடு தங்கிவிடும், எண்ணெயில் வராது.

அதனால் மக்குமா என்பது ஒரு கேள்வி, விஷமா என்பது தனிக் கேள்வி. இரண்டாவதற்குப் பாசி, நீர்த்தெள்ளு, மீன் மூன்றையும் வைத்துத் தனியே சோதிப்பார்கள். அமெரிக்காவில் பெரிய கப்பல்களில் தண்ணீரைத் தொடுகிற பாகங்களுக்குப் போடும் ஆயில் மக்க வேண்டும், நச்சு குறைவாக இருக்க வேண்டும், உயிரினங்களின் உடம்பில் சேரக்கூடாது என்று 2013 அனுமதி விதிகளில் மூன்றையும் சேர்த்தே கேட்டார்கள்.

"முந்திரி ஓட்டு எண்ணெய் இங்கே மலிவா கெடைக்குது. அதையே நேரா செயினுக்கு ஊத்தினா?"

வேண்டாம். மேலே சொன்ன தோல் பிரச்சினை ஒன்று. மெஷின் ஓடும்போது இந்த எண்ணெய் பொடித் துளியாகத் தெறித்துக் கையிலும் முகத்திலும் படியும். இன்னொன்று, சூடு பட்டால் இது பிசினாக இறுகும். இந்த இறுகும் குணத்துக்காகத்தான் பிரேக் லைனிங் செய்பவர்கள் இதை வாங்குகிறார்கள். இறுக வைத்துப் பொடியாக்கி, உராய்வு சீராகக் கிடைக்க லைனிங்கில் சேர்க்கிறார்கள். பிரேக்குக்குப் போகிற சரக்கை செயினுக்கு ஊற்றச் சொல்கிறீர்கள்! இந்த எண்ணெயிலிருந்து கார்டனால் என்ற சேர்மத்தைப் பிரித்து வேதிமாற்றம் செய்து, ஆயில் கெடாமல் இருக்கச் சேர்மானமாகப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. அது வேறு பொருள், வேறு வேலை.

"பழைய இன்ஜின் ஆயிலைத்தான் செயினுக்கு ஊத்துறோம். ஓசில கெடைக்குது. அதுல என்ன கெட்டுப்போச்சு?"

செயின் ஆயில் திரும்பி வராத ஆயில். இன்ஜினில் ஊற்றினால் வடித்து எடுக்கலாம். இதில் ஊற்றியது அத்தனையும் மரத்தூளிலும் மண்ணிலும் உங்கள் சட்டையிலும் போய்ச் சேரும். நடுத்தர மெஷினின் ஆயில் டேங்க் கால் லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது இதுவும் தீரும் அளவுக்கு வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை பெட்ரோல் போட்டால் ஒன்றரை லிட்டர் ஆயில் தோப்புக்குள் போயிற்று என்று கணக்கு.

ஓடிக் களைத்த இன்ஜின் ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள் இருக்கும், எரிந்த எரிபொருளிலிருந்து வரும் பிஏஎச் என்கிற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் இருக்கும். பயன்படுத்திய ஆயிலை 2016 அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவாகவே வைத்திருக்கின்றன. அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். தாவர எண்ணெய்க்கு மிகப் பொருத்தமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்த செயின்தான். ஆஸ்திரியாவில் 1990களின் தொடக்கத்திலேயே செயினுக்குக் கனிம எண்ணெய் ஊற்றத் தடை போட்டுவிட்டார்கள்.

"மக்குற ஆயில்தானே, மிச்சத்தை ஏரில கழுவி விட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

இந்த எண்ணம்தான் எனக்கு மிகவும் பயம். மக்குவது என்றால் நுண்ணுயிர் எண்ணெயைத் தின்று மூச்சு விடுவது. மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ தாவர எண்ணெய் முழுதாக மக்க ஏறத்தாழ 2.9 கிலோ ஆக்சிஜன் செலவாகும். நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம்தான். வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3.9 லட்சம் லிட்டர் தண்ணீரின் மொத்த ஆக்சிஜனும் வேண்டும். காற்றிலிருந்து புதிதாகக் கரைந்துகொண்டே இருக்கும்தான். ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் மூடியிருந்தால் அதுவும் மெதுவாகும். வேகமாக மக்கும் எண்ணெய் ஆக்சிஜனையும் வேகமாகத்தான் இழுக்கும். சின்னக் குட்டையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

1991 ஜனவரியில் பிரிட்டனில் வேல்ஸின் ஆங்கல்சி தீவுப் பக்கம் கிம்யா என்ற கப்பல் கவிழ்ந்து சூரியகாந்தி எண்ணெய் கடலில் கொட்டியது. நாம் அப்பளம் பொரிக்கிற அதே எண்ணெய். கரையில் ஒதுங்கியது மணலோடு சேர்ந்து கான்கிரீட் மாதிரி கட்டிகளாக இறுகி, வருடக்கணக்கில் மக்காமல் கிடந்தது. சிப்பிகள் செத்தன. பறவையின் இறகில் பட்டால் தாவர எண்ணெயும் டீசலைப் போலவே ஒட்டி, அதன் உடல் சூட்டைக் கெடுத்துவிடும். கேனைத் துடைத்த துணியைக்கூட வாய்க்காலில் அலசாதீர்கள்.

"ஆயில் கொட்டின இடத்துல புல்லு கருகிப்போச்சே. நீங்க மக்கும்னுதானே சொன்னீங்க?"

மக்கும். மக்கி முடிக்கும் வரை மண்துளைகளை எண்ணெய் அடைத்திருக்கும், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. தின்ன வந்த நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்ட மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்வதால் புல்லுக்குப் பசி. பச்சைச் சாணத்தைக் கொட்டி மூடாமல், நன்றாக மக்கிய தொழுவுரத்தை இரண்டு கூடை கலந்து, கைப்பிடி யூரியா தூவி, மண்ணைக் கொத்திப் புரட்டி, ஈரம் மட்டும் காயாமல் பாருங்கள். மழைக்கு முன் செய்தால் ஒரு பருவத்திலேயே புல் திரும்பி வரும். கனிம எண்ணெய் கொட்டிய இடத்துக்கும் இதே வைத்தியம்தான், ஆனால் பொறுமை அதிகம் வேண்டும்.

"கெட்டுப்போகாம இருக்க ஏதோ மருந்து கலக்குறாங்களாமே?"

கலக்கிறார்கள், கலக்காமல் முடியாது. எண்ணெய் காற்றில் கெடாமல் இருக்க ஒன்று, துருப் பிடிக்காமல் இருக்க ஒன்று, செயினிலிருந்து உதறிப் போகாமல் ஒட்டிக்கொள்ள ஒன்று. நூற்றுக்குச் சில பங்குதான். ஆனால் இன்ஜின் ஆயிலில் தேய்மானத்துக்காகச் சேர்க்கும் துத்தநாகச் சேர்மத்தை இதிலும் போட்டுவிட்டால், தொண்ணூற்றைந்து பங்கு தவிட்டெண்ணெயாக இருந்து பயனில்லை. அது நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாத சரக்கு. அடி எண்ணெய் எது என்று சொல்லும் விற்பனையாளரிடம் சேர்மானம் எது என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் புரிந்துகொள்ளலாம்.

"பாட்டில்ல பச்சை இலை போட்டிருக்கே, அது போதாதா?"

இலை படம் அச்சுக்கூடத்தில் கிடைக்கும். 'பயோ பேஸ்டு' என்றால் தாவரத்திலிருந்து வந்தது என்று மட்டுமே அர்த்தம், மக்கும் என்று இல்லை. தாவரக் கார்பனை வைத்தே மக்காத பொருளும் செய்யலாம். பெட்ரோலிய மூலத்திலிருந்து செய்த சில எஸ்டர் ஆயில்கள் (அமிலத்தையும் ஆல்கஹாலையும் வேதிமுறையில் சேர்த்துச் செய்பவை) நன்றாகவே மக்கும்.

நம் நாட்டில் ஈகோமார்க் என்று ஒன்று 1991 முதல் இருக்கிறது. மண்பானை படம் போட்டிருக்கும். மசகு எண்ணெயும் அப்போதே அதன் பட்டியலில் ஒன்று. முப்பது வருடமாக யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 2024இல் புது விதிகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டுச் சரக்கு என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை, ஜெர்மனியின் நீலத் தேவதை முத்திரை இரண்டையும் நம்பலாம். இரண்டிலும் சேர்மானங்களையும் பார்ப்பார்கள். எந்த முத்திரையும் இல்லையென்றால், நான் முன்பு சொன்ன 301 சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.

"மழைக்காலம் முடிஞ்சு மெஷினை எடுத்தா செயின் பாரோட ஒட்டிக்கிச்சு. ஆயில் டூப்ளிகேட்டா?"

இல்லை, உண்மையான தாவர எண்ணெயாக இருந்ததால்தான் ஒட்டியது. எனக்கே நடந்திருக்கிறது. முதல் வருடம் ஐப்பசியில் என் சொந்த மெஷினைத் துடைக்காமல் மாட்டிவிட்டு தையில் எடுத்தேன். செயின் அசையவில்லை. பாரின், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின், பள்ளம் முழுக்கத் தேன் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் பலாப் பிசின் மாதிரி சுருண்டு வருகிறது. ஆயில் பம்பும் அடைத்துக்கொண்டது. தவிட்டெண்ணெயில் இருக்கிற லினோலிக் அமிலம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அடுப்படி அலமாரியில் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் பிசுபிசுவென்று படியுமே, அதேதான். கிம்யா கப்பல் எண்ணெய் கட்டியானதும் இதனால்தான்.

மூன்று வாரத்துக்கு மேல் மெஷினுக்கு வேலை இல்லை என்றால் ஆயில் டேங்கை வடித்துவிட்டு, அதில் மண்ணெண்ணெய் கால் டேங்க் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டி, செயினைக் கழற்றித் துடைத்து வையுங்கள். வடித்த மண்ணெண்ணெயைப் பாட்டிலில் பிடித்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். மறுபடி ஆயில் ஊற்றியதும் பார் நுனியை வெள்ளை அட்டைக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடித்து முறுக்குங்கள். அட்டையில் மெல்லிய கோடு விழுந்தால் பம்பு உயிரோடு இருக்கிறது.

"அப்ப பைக்குக்கும் டிராக்டர் இன்ஜினுக்கும்?"

ஊற்றாதீர்கள். மேலே சொன்ன இறுகல் இன்ஜின் சூட்டில் மாதங்களில் அல்ல, சில மணி நேரங்களிலேயே ஆரம்பிக்கும். தவிட்டெண்ணெய் தீப்பிடிக்கும் சூடு கனிம ஆயிலைவிட அதிகம், சூடானாலும் அவ்வளவாக நீர்த்துப் போகாது. இந்த இரண்டு நல்ல குணத்தைச் சொல்லி விற்கப் பார்ப்பார்கள். குணம் உண்மை, ஆனாலும் வேண்டாம். சுத்த எண்ணெய் வேறு, அதிலிருந்து வேதிமாற்றம் செய்து எடுக்கும் எஸ்டர் வேறு. இன்ஜின் தயாரித்தவர் கையேட்டில் இருந்தால் மட்டும் எஸ்டர் ஆயிலை யோசியுங்கள்.

"லிப்டு ஹைட்ராலிக்குக்காவது போடலாமா?"

ஐஎஸ்ஓ 15380 தரத்தில் எச்ஈடிஜி என்ற வகை தாவர எண்ணெய் ஹைட்ராலிக் ஆயிலுக்கானது. எண்ணெயின் சூடு 70, 80 டிகிரிக்குள் இருந்தால் ஓடும். தண்ணீர் புகுந்தால் எண்ணெய் உடைந்து அமிலமாகி, பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கும். சேறும் தண்ணீரும் புழங்கும் நம் வயலில் இதைக் கவனிக்க வேண்டும். பழைய கனிம ஆயில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் மிச்சமிருந்தால் மக்கும் என்ற பெயரே போய்விடும் என்பதால், மாற்றும்போது இரண்டு மூன்று தடவை அலசி வடிக்க வேண்டும். நம் டிராக்டர்களில் பலவற்றுக்கு கியரும் ஹைட்ராலிக்கும் ஒரே ஆயில். அவற்றில் கையே வைக்காதீர்கள்.

"மெஷின்ல ஓடி எடுத்த பழைய தாவர ஆயிலைத் தென்னைக்கு ஊத்தலாமா?"

கூடாது. உள்ளே போகும்போது தவிட்டெண்ணெய், வெளியே வரும்போது இரும்பும் செம்பும் ஈயமும் சேர்ந்த கரைசல். உலோகம் மக்காது. கனிம ஆயிலைக் கொடுக்கும் இடத்திலேயே இதையும் கொடுங்கள். ஆனால் ஒரே டின்னில் கலக்காமல் தனியாக.

"கிணத்து மோட்டாருக்கு?"

குடிக்கும் தண்ணீர் கிணறு என்றால் தாவரமா கனிமமா என்று பார்க்காதீர்கள், உணவுத் தொடர்புக்கு அனுமதி பெற்ற ஆயிலா என்று பாருங்கள். எச்1 என்று பாட்டிலில் இருக்கும். அதில் பெரும்பாலும் சுத்திகரித்த வெள்ளைக் கனிம எண்ணெய்தான் இருக்கும், அந்த இடத்துக்கு அது சரி. நீர் நிரப்பிய சப்மெர்சிபிள் என்றால் ஆயில் கேள்வியே இல்லை.

"தவிடு மாட்டுத் தீவனம் ஆச்சே. ஆயிலுக்கு எடுத்தா மாடு என்ன திங்கும்?"

எண்ணெய் எடுத்த தவிடும் தீவனத்துக்குத்தான் போகிறது, புரதம் அதிலேயே தங்கும். இதில் மாட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் கேள்வியின் உள்ளே இருக்கிற சந்தேகம் நியாயமானது. நல்ல தவிட்டெண்ணெய் சமையலுக்குப் போகிற பொருள். அதை ஆயிலாக்கிவிட்டு 'கழிவிலிருந்து' என்று லேபிள் ஒட்டினால், சமையலுக்கு வேறெங்கிருந்தோ பாமாயில் கப்பலேறி வரும். நான் சரக்கு எடுக்குமுன், நடுநிலைப்படுத்துவதற்கு முன்பு மூல எண்ணெயில் இருந்த அமில அளவைக் கேட்பதே இதற்குத்தான். அமிலம் ஏறிப் புளித்த எண்ணெயை நடுநிலைப்படுத்திச் செய்ததா, நல்ல எண்ணெயையே திருப்பி விட்டதா என்று அதில் தெரிந்துவிடும்.

"வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி ஊத்திக்கலாமா?"

அவசரத்துக்கு ஒரு நாள் ஓடும். உப்பும் ஈரமும் இருப்பதால் பார் துருப்பிடிக்கும், ஏற்கெனவே பாதி கெட்ட எண்ணெய் என்பதால் இன்னும் சீக்கிரம் பிசினாகும். எறும்பு கண்டிப்பாக வரும், எலியும் வரலாம்.

"பழைய ஆயில் பாதி டேங்க் இருக்கு. மேலேயே இதை ஊத்தட்டுமா?"

செயினில் கலந்தால் மெஷினுக்கு உடனே கெடுதல் இல்லை. மண்ணுக்குக் கிடைக்க வேண்டிய நன்மைதான் அந்தப் பாதி அளவுக்குக் குறையும். பழையதை வடித்துத் தனி டின்னில் ஊற்றிவிட்டு வாருங்கள். டின் இல்லையென்றால் பட்டறை வாசலில் நீல டிரம் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் ஊற்றிவிட்டுப் போங்கள்.